ஜாவாவுக்கு ரோட்கிங் சைலன்சர்: திம்பம் மலையில் வெளிப்பட்ட பிழை

திம்பம் மலைப்பாதையில் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டிய இடத்தில் என் ஜாவா மோட்டார் சைக்கிள் இழுக்க மறுத்துவிட்டது. இன்ஜின் அணையவில்லை. இரண்டாம் கியரில் ஓடிக்கொண்டே இருந்தது, ஆனால் ஆக்சிலரேட்டரை எவ்வளவு திருகினாலும் வேகம் ஏறவில்லை. பின்னால் அமர்ந்திருந்த மைத்துனர் இறங்கி நடந்தார். பின்னால் ஆளில்லாத வண்டியை முதல் கியரில் ஓரமாக ஏற்றி நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். செங்கல் நிறத்தில் இருக்க வேண்டிய முனை சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருந்தது. இடது சைலன்சரின் வளைவுக் குழாய், புகைவாயை (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் துளை) ஒட்டிய இடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு நீலம் பாரித்திருந்தது. வலது குழாயில் அந்த நீலம் இல்லை.

அந்த இரண்டு அடையாளங்களிலும் விடை இருந்தது. அதைப் படிக்க எனக்கு ஏழு வாரம் ஆனது. வேறு மாடல் சைலன்சரைப் பழைய வண்டியில் மாட்ட நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை முழுவதும் எழுதுகிறேன்.

வண்டி

அப்பாரு (அப்பாவின் அப்பா) வாங்கிய வண்டி இது. 1968ஆம் ஆண்டு ஜாவா 250. ஈரோடு மாவட்டம் பிறப்பதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பு கோயமுத்தூரில் பதிவானது. கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் எங்கள் காடு (விளைநிலம்). அப்பாரு இந்த வண்டியின் பின் இருக்கையில் நாட்டுச்சர்க்கரை மூட்டையைக் கட்டிக் கவுந்தப்பாடிச் சந்தைக்குப் போவார். கூட்டம் நிறைந்த தெருவில் மூன்றாம் கியரிலேயே ஊர்ந்துபோவார் என்று அப்பா சொல்வார். அந்த இன்ஜினின் இயல்பே அதுதான். சிலிண்டருக்கு 65 மில்லிமீட்டர் விட்டம், பிஸ்டனுக்கு 75 மில்லிமீட்டர் வீச்சு. வீச்சு அதிகம் என்பதால் குறைந்த சுற்றிலேயே இழுவை கிடைக்கும். ஒரே சிலிண்டர், ஆனால் புகைவாய் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குழாயும் சைலன்சரும் உண்டு. கியர் போடும் கம்பிதான் கிக்கரும். இரண்டும் இடது காலுக்கே. பார்க்காதவர்களுக்கு இது விளங்கக் கொஞ்சம் நேரமாகும், ஆனால் கதையில் இந்தக் கம்பிக்கு ஒரு பங்கு இருக்கிறது.

அப்பாரு காலமான பிறகு வண்டி சாளையில் (காட்டு வீட்டில்) பதினான்கு ஆண்டுகள் நின்றது. இரு வீச்சு (டூ-ஸ்ட்ரோக்) இன்ஜினில் பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவி, ஆறியதும் சைலன்சரின் அடிவயிற்றில் தங்கும். கரியும் எண்ணெயும் கலந்த அந்த ஈரம் தகட்டை உள்ளிருந்தே தின்றுவிடும். வெளியே குரோம் பளபளத்தது. கீழே கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. இரண்டு சைலன்சர்களும் அப்படித்தான் இருந்தன.

புதிதாகச் செய்து விற்கும் ஜாவா சைலன்சர்கள் கிடைக்கின்றன. நான் பார்த்த ஜோடியின் தகடு மெல்லியது, சத்தத்தை அடக்கும் உள்குழல் பெயருக்கு இருந்தது. எனக்கு மனம் ஒப்பவில்லை. கோவை உக்கடத்தில் பழைய சாமான் கடை ஒன்றில் யெஸ்டி ரோட்கிங் சைலன்சர் ஒரு ஜோடி, வளைவுக் குழாய்களோடு கிடைத்தது. கனமான தகடு, தட்டினால் மணிச் சத்தம். 3,200 ரூபாய்.

ரோட்கிங் அந்நிய வண்டி அல்ல. மைசூரில் 1961இல் ஜாவாவைச் செய்யத் தொடங்கிய ஐடியல் ஜாவா தொழிற்சாலைதான், வண்டிகளின் பெயரை யெஸ்டி என்று மாற்றிக்கொண்டு 1978இல் ரோட்கிங்கையும் கொண்டுவந்தது. 1996இல் அது மூடப்படும்வரை அந்த வரிசை ஓடியது. இரண்டுமே 250 சிசி, இரண்டிலும் இரட்டைக் குழாய். அண்ணன் சட்டை தம்பிக்குச் சேரும் என்ற கணக்கில் வாங்கினேன். ஜாவாவுக்கு 12 குதிரைத்திறன், ரோட்கிங்குக்கு 16 என்று தயாரிப்பாளர் கணக்கு சொல்கிறது. அந்த நான்கு குதிரைத்திறன் எங்கிருந்து வந்திருக்கும் என்று அன்றே யோசித்திருக்க வேண்டும்.

மாட்டிய விதம்

வலதுபுறம் அரை மணி நேரத்தில் முடிந்தது. புகைவாயில் திருகும் வளைய நட்டு நேராக ஏறியது, பின்பக்கத் தாங்கிக்கு ஒரு பட்டை போதுமானதாக இருந்தது. இடதுபுறம்தான் தகராறு. குழாய் வெளிப்பக்கம் அதிகம் தள்ளி நின்றதால், கிக்கரை உதைக்கும்போது கம்பி குழாயில் இடித்தது. மெக்கானிக் வளைவுக் குழாயை அறுத்து, நான்கு சென்டிமீட்டர் எடுத்துவிட்டு, கொஞ்சம் உள்பக்கம் திருப்பிப் பற்றவைத்தார். கம்பி இடிக்கவில்லை. வண்டியை உதைத்ததும் தெருவே திரும்பிப் பார்க்கும் சத்தம். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

சமவெளியில் குறை தெரியவில்லை. கோபியிலிருந்து சத்தியமங்கலம் வரை டாப் கியரில் அறுபதில் போனது. ஒன்று மட்டும் கவனித்தேன்: வேகம் கூடக் கூடத் திடீரென்று ஓர் உந்துதல் வந்தது. நல்லது என்று எடுத்துக்கொண்டேன். பண்ணாரி அம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு மலை ஏறிய அன்றுதான், அந்த உந்துதலுக்குக் கீழே ஒரு பள்ளம் இருப்பது தெரிந்தது. கொண்டை ஊசி வளைவில் வேகம் குறையும், இன்ஜின் சுற்று நிமிடத்துக்கு 3,000க்குக் கீழே விழும். விழுந்தால் மீண்டும் எழாது.

தவறாகப் போன மூன்று வாரம்

பிளக் வெளுத்தால் பெட்ரோல் போதவில்லை, காற்று அதிகம் என்று பொருள். அதனால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஓர் எண் பெரிதாக்கினோம், பிறகு இன்னொரு எண். மெதுவாக ஓட்டும்போது புகை கூடி பிளக் கறுத்தது; மேட்டில் முழு ஆக்சிலரேட்டரில் மீண்டும் வெளுத்தது. ஒரே கார்புரேட்டர் இரண்டு விதமாக நடந்துகொண்டால் பிழை கார்புரேட்டரில் இல்லை என்று அப்போதே முடிவு செய்திருக்கலாம். நாங்கள் அதைக் கழற்றிக் கழற்றி மாட்டினோம். பிறகு பிளாட்டினம் பாயிண்ட், தீப்பொறி விழும் நேரமான டைமிங். பிஸ்டன் மேல்முனையைத் தொடுவதற்கு 3 மில்லிமீட்டர் முன்பு தீப்பொறி விழுமாறு வைத்தது அப்படியே இருந்தது.

அடுத்து சந்தேகம் கிராங்க் தண்டைச் சுற்றி ரப்பரால் அடைக்கும் ஆயில் சீல் மீது போனது. பதினான்கு ஆண்டுகள் நின்ற வண்டியில் ரப்பர் காய்ந்திருக்கும், அந்த வழியாகக் காற்று உறிஞ்சும் என்பது நியாயமான சந்தேகம். ஆனால் இன்ஜினைப் பிரிக்காமல் அதை உறுதிசெய்ய முடியாது என்று இரண்டு பட்டறைகளில் சொன்னார்கள். பிரிப்பதற்கு நாள் குறித்தாகிவிட்டது.

அந்த நேரத்தில் சத்தியமங்கலத்தில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். ஜாவா வண்டிகளோடு ஐம்பது வருடம் வாழ்ந்தவர், பட்டறையை மகனிடம் விட்டுவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கதையைக் கேட்டுவிட்டு, "கண்ணு, பிரிக்காதே. உங்கள் வீட்டில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இருக்கிறதா?" என்றார். நான் விழித்தேன். அம்மாவுக்காக வாங்கிய கருவி இருந்தது, கையால் அமுக்கும் பழைய வகை.

அவர் செய்தது இதுதான். புகைவாய் இரண்டையும் சைக்கிள் டியூப் துண்டும் மரக்கட்டையும் வைத்து அடைத்தார். கார்புரேட்டரைக் கழற்றி, அந்த வாயில் ஒரு ரப்பர் அடைப்பு வைத்து, அதன் நடுவே கருவியின் குழாயைச் செருகினார். பல்பை அமுக்கி முள்ளை 300க்குக் கொண்டுவந்தார். பாதரச அளவில் 300 மில்லிமீட்டர் என்றால் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய ஆறு பவுண்டு அழுத்தம். இரு வீச்சு இன்ஜினின் கசிவைச் சோதிக்க வழக்கமாக வைக்கும் அழுத்தமும் அதுவே. நிமிடத்துக்கு ஒரு பவுண்டு, அதாவது ஐம்பது மில்லிமீட்டர் அளவுக்கு மேல் இறங்கினால் கசிவு உண்டு. எங்கள் முள் ஆறு நிமிடத்தில் இருபது மட்டுமே இறங்கியது. சீல் நன்றாக இருக்கிறது. ஓர் இன்ஜினைப் பிரிக்கும் செலவும், ஐம்பது ஆண்டு கைபடாத கிராங்கைக் கலைக்கும் பாவமும் மிச்சமாயின. என்னைக் கேட்டால், பழைய இரு வீச்சு வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் முதலில் கற்க வேண்டிய சோதனை இது.

"காற்று இன்ஜினுக்குள் போகவில்லை என்றால் குழாயில் போகிறது" என்றார் பெரியவர். இடது வளைய நட்டைக் காட்டினார். அதற்குக் கீழே சிலிண்டர் செதில்களில் கறுப்பு எண்ணெய் கசிந்து காய்ந்திருந்தது. நான் அதைத் தினமும் துடைத்துக்கொண்டிருந்தேன்.

குங்குமம் காட்டியது

நட்டைக் கழற்றினோம். குழாயின் வாயில் உள்ள விளிம்பைத்தான் நட்டு அழுத்திப் பிடிக்கிறது. அந்த விளிம்பில் நல்லெண்ணெயில் குழைத்த குங்குமத்தை மெல்லியதாகப் பூசி, நட்டை முழுவதும் இறுக்கி, மீண்டும் கழற்றினோம். உலோகம் படிந்த இடத்தில் எல்லாம் குங்குமம் இடம் மாறியிருக்க வேண்டும். வலது குழாயில் முழு வட்டம். இடதில் பிறைநிலா: கீழ்ப்பாதி மட்டும் படிந்திருந்தது. குழாயைத் திருப்பிப் பற்றவைத்தபோது அது கோணலாக உட்கார்ந்துவிட்டது. அதோடு, என் கைக்கு வந்த ரோட்கிங் குழாய்களின் விளிம்பு, ஜாவாவின் பழைய குழாய் விளிம்பைவிட ஒன்றரை மில்லிமீட்டர் மெலிந்திருந்தது. மரை முடிந்த இடத்தில் நட்டு நின்றுவிட்டது. எவ்வளவு இறுக்கினாலும் குழாயை அழுத்தவில்லை, மரையின் முடிவைத்தான் அழுத்தியது. வெளியே பார்த்தால் கல்போல இறுகிய நட்டு, உள்ளே கசிவு.

புகைவாயருகே கசிந்தால் புகைதானே வெளியே போகும், காற்று எப்படி உள்ளே வரும் என்று கேட்டேன். இதை விளக்கினால்தான் அடுத்தது புரியும்.

நான்கு வீச்சு இன்ஜினில் வால்வு இருக்கிறது, மூடினால் மூடியதுதான். ஜாவா போன்ற இரு வீச்சு இன்ஜினில் பிஸ்டனே கதவு. புகை வெளியேறும் வாயும் புதிய பெட்ரோல் கலவை உள்ளே வரும் வாயும் சிறிது நேரம் ஒன்றாகத் திறந்திருக்கின்றன. அந்த நேரத்தில் புதிய கலவையில் ஒரு பங்கு புகையோடு சேர்ந்து வெளியே ஓடிவிடும். அதைத் தடுப்பது குழாய்க்குள் ஓடும் அலை. புகைவாய் திறந்தவுடன் ஓர் அழுத்த அலை குழாய் வழியே பாய்கிறது. குழாய் அகலும் இடத்தில் அது உறிஞ்சும் அலையாகத் திரும்பிவந்து பழைய புகையை இழுத்து வெளியேற்றுகிறது. அப்பால் குழாய் குறுகும் இடத்தில் மோதி அழுத்த அலையாகத் திரும்பி, வெளியே ஓடிய புதிய கலவையைக் கதவு மூடும் முன் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. உறிஞ்சும் அலை வரும் நேரத்தில் புகைவாயில் வெளிக்காற்றைவிட அழுத்தம் குறைவு. நட்டில் இடைவெளி இருந்தால் அந்த நொடியில் காற்று உள்ளே ஏறும். அலையின் வலிமையும் போகும், கலவையும் நீர்த்துப்போகும்.

கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் தொழிற்சாலையில் வால்டர் காடன் என்ற பொறியாளர் 1950களில் இந்த அலையைப் பிடித்துக் கட்டுப்படுத்தினார். 1961இல் அவருடைய 125 சிசி பந்தய இன்ஜின் 25 குதிரைத்திறன் தந்தது; லிட்டருக்கு 200 என்ற கணக்கு. அதே ஆண்டு அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் சுவீடன் பந்தயத்தின்போது தப்பி மேற்கே போய், அந்த அறிவோடு சுசுகியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே சுசுகிக்கு 50 சிசி உலகப் பட்டம். ஒரு குழாயின் வடிவத்துக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது. மைசூரில் முதல் ஜாவா வெளிவந்ததும் அதே 1961தான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

அளவு

அலை சரியான நேரத்துக்குத் திரும்ப வேண்டும் என்றால் குழாயின் நீளமும் இன்ஜினின் சுற்றும் ஒத்துப்போக வேண்டும். கிராங்கில் பாகைத்தட்டு மாட்டிப் பார்த்தபோது என் வண்டியில் புகைவாய் ஏறக்குறைய 150 பாகை திறந்திருந்தது. சூடான புகையில் ஒலி நொடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகத்தில் ஓடும் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது: 6,250ஐக் குழாய் நீளத்தால் (மீட்டரில்) வகுத்தால், அலை ஒத்துழைக்கும் சுற்று வந்துவிடும். ஜாவாவின் சைலன்சர் பந்தயக் குழாய்போலக் கூராகச் செதுக்கியது அல்ல, உள்ளே துளையிட்ட உள்குழல் இருக்கிறது. ஆகவே இது துல்லியக் கணக்கு ஆகாது. ஒப்பிட்டுப் பார்க்க இது போதும்.

துருப்பிடித்த பழைய ஜோடியைச் சாளையிலிருந்து எடுத்து, வளையும் கம்பியை உள்ளே விட்டு, புகைவாய் முதல் குறுகும் முனை வரை அளந்தேன். 134 சென்டிமீட்டர், இரண்டும் ஒன்றே. கணக்குப்படி 4,660 சுற்று. பழைய ஜாவாவின் உச்சத்திறன் 4,750 சுற்றில் என்பது நினைவுக்கு வந்ததும் கம்பியைக் கீழே வைத்துவிட்டேன். கணக்கு இவ்வளவு அருகில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நான் மாட்டியிருந்தவை: வலது 122, இடது 118. அதாவது 5,120 சுற்றும் 5,300 சுற்றும். என் வண்டியின் புகைவாய் கேட்கும் இடத்தைவிட இரண்டுமே மேலே. சமவெளியில் வேகம் கூடியபோது வந்த உந்துதலுக்கும், மலையில் 3,000க்குக் கீழே விழுந்த பள்ளத்துக்கும் இதுவே காரணம். ரோட்கிங்கின் சிலிண்டர் அந்தக் குழாய்க்காக வெட்டப்பட்டது, அதில் அது நன்றாகவே ஓடும். அப்பாரு வண்டியில் சர்க்கரை மூட்டை இழுத்த சிலிண்டர் இருக்கிறது.

இதற்கு மேல், ஒரே சிலிண்டரின் இரண்டு வாய்களில் இரண்டு அலைகள் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்ந்தன. கிக்கர் கம்பிக்காக நான்கு சென்டிமீட்டர் அறுத்தபோது நாங்கள் வெட்டியது வெறும் இரும்பு அல்ல. புகைவாய் வழியே டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பார்த்தோம். வலதுபுறம் பழுப்பு. இடதுபுறம் மெல்லிய செங்குத்துக் கோடுகள். இன்னும் இரண்டு முறை மலை ஏறியிருந்தால் பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொண்டிருக்கும், அதுவும் ஒரு பக்கம் லாரி, மறுபக்கம் பள்ளம் இருக்கும் வளைவில்.

சரிசெய்தது

ரோட்கிங் சைலன்சர் உடலை வைத்துக்கொண்டோம். வளைவுக் குழாய்களைப் புதிதாகச் செய்தோம். கோபியில் கேட் செய்யும் பட்டறை ஒன்றில் குழாய்க்குள் ஆற்று மணலை நிரப்பி, இரு முனைகளையும் அடைத்து, சூடாக்கி வளைத்தார்கள். மணலை முதல்நாளே வாணலியில் வறுத்து வைத்தோம். ஈரம் இருந்தால் நீராவி அடைப்பைப் பிடுங்கி எறியும், ஆள் அருகில் நிற்க முடியாது. கிக்கர் கம்பிக்கு இடம் விட்டு இடது குழாயை முதலில் வளைத்து, அதன் நீளத்துக்கு வலதைச் செய்தோம். இரண்டும் 134. பற்றவைத்த இடத்தில் உள்ளே துருத்திய கசடை அரத்தால் வழித்தெடுக்க ஒரு நாள் போனது.

விளிம்புக்குக் கோவையில் ஒரு லேத் பட்டறையில் இரண்டு செம்பு வளையங்கள் கடைந்து வாங்கினேன், 2 மில்லிமீட்டர் தடிமன். மாட்டும் முன் செம்பைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட வேண்டும்; அப்போதுதான் மென்மையாகி இடைவெளியை நிரப்பும். குங்குமம் இந்த முறை இரு பக்கமும் முழு வட்டம் காட்டியது. சூடு ஏறி ஆறிய பிறகு நட்டைச் சி-ஸ்பேனரால் ஒருமுறை இறுக்கினேன், கால் சுற்று ஏறியது.

உள்குழலையும் மாற்றினோம். ரோட்கிங் ஜோடியில் இருந்தவற்றில் யாரோ கூடுதலாகத் துளை போட்டிருந்தார்கள், அந்தத் தெருவை அதிரவைத்த சத்தம் அதனால்தான். பழைய ஜாவாவின் உள்குழல்களைக் கரி எடுத்து, ஒரு வளையம் சேர்த்துப் பொருத்தினோம். மெயின் ஜெட் பழைய எண்ணிலிருந்து ஒன்று மட்டும் மேலே நின்றது.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். சைலன்சர் இல்லாமலோ, சத்தத்தைக் கட்டுப்படுத்தாத சைலன்சரோடோ ஓட்டுவது 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளுக்குப் புறம்பானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இன்னொன்று, 2021இல் வந்த பழம்பெரும் வாகனப் பதிவு விதி. ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிகளுக்கு அதில் தனிப் பதிவு எண் உண்டு. ஆனால் வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சட்டகத்திலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் கூடாது. அதனால் சட்டகத்தில் ஒரு துளையும் போடவில்லை. பின்தாங்கிகள் இரண்டும் போல்ட் போட்டுப் பிடித்த பட்டைகள்தான், ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் கழற்றிவிடலாம். முதல்முறை குழாயை அறுத்ததுபோல அவசரப்பட்டு சட்டகத்தில் கைவைத்திருந்தால் திரும்ப வழி இருந்திருக்காது.

இரண்டாம் ஏற்றம்

பிளக் வயரில் சுற்றும் சிறிய டாக்கோமீட்டர் (சுற்றைக் காட்டும் கருவி) ஒன்றைக் கட்டிக்கொண்டு, முதலில் வாய்க்கால் மேட்டில் மூன்றாம் கியரில் 2,500 முதல் 4,500 சுற்று வரை ஏற எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்தோம். பழுது பார்க்கும் முன் அதே மேட்டில் பத்தொன்பது நொடி. இப்போது பன்னிரண்டு. திடீர் உந்துதல் போய்விட்டது. அடியிலிருந்தே சீராக ஏறுகிறது. உச்ச வேகம் சற்றுக் குறைந்திருக்கிறது. அது எனக்குத் தேவையில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மைத்துனரையே மீண்டும் பின்னால் ஏற்றிக்கொண்டு பண்ணாரியிலிருந்து கிளம்பினேன். ஒன்பதாவது வளைவில் இருவருமே பேசவில்லை. இரண்டாம் கியரில் சுற்று 2,600க்கு இறங்கியது, ஒரு நொடி அங்கேயே நின்றது, பிறகு எழுந்து வந்தது. இருபத்தேழு வளைவுகளையும் இறங்காமல் ஏறி, திம்பத்தில் தேநீர் குடிக்கும்போது பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். செங்கல் நிறம். இரண்டு குழாய்களிலும் புகைவாயருகே ஒரே அளவு மஞ்சள்.

அதன் பிறகு 1,500 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. உள்குழல்களைக் கழற்றிக் கரி எடுத்தபோது இரண்டிலும் படிவு ஒன்றுபோலவே இருந்தது. இடது நட்டுக்குக் கீழே செதில்கள் காய்ந்திருக்கின்றன. பழைய சைலன்சர் ஜோடி சாளைச் சுவரில் தொங்குகிறது. அவற்றின் உள்ளளவை முழுவதும் வரைந்து வைத்திருக்கிறேன், வரும் தை மாதத்தில் அதே அளவில் கனத் தகட்டில் ஒரு ஜோடி செய்யச் சொல்லியிருக்கிறேன்.